செந்நீரும் தெளிநீரும்: கிணறு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலாக்கா மாநிலத்தின் பல பகுதிகளில் நிலத்துக்கடியில் இருப்பது செம்பூரான்கல், அதாவது மழையும் வெப்பமும் நெடுங்காலம் பாறையைச் சிதைத்ததால் இரும்பு மிகுந்து சிவந்துபோன கல்லாகும். போர்த்துகீசியர் 1511-க்குப் பின் எழுப்பிய பாமோசா கோட்டைக்கும் இக்கல் பயன்பட்டது. அக்கல்லின் இரும்பு நீரில் கரைந்திருப்பதால்தான், ஜாசின், அலோர் காஜா வட்டாரக் கிணறுகள் சிலவற்றில் இறைக்கும்போது தெளிவாக இருக்கும் நீர், வாளியில் சிறிது நேரம் வைத்ததும் காற்றுப்பட்டுப் பழுப்பேறி, வெள்ளைத் துணியில் கறையாகப் படிகிறது.

செந்நீர் நோய் தரும், தெளிநீர் நலம் தரும் என்ற நம்பிக்கை இங்கிருந்தே பிறக்கிறது. ஆனால் அதன் இரு பாதியும் பிழையானவை. கிணறுகளில் வழக்கமாகக் காணப்படும் அளவில் இரும்பு சுவையையும் துணியையும் கெடுக்குமேயன்றி உடலைக் கெடுப்பதில்லை. மாறாக, மலக்குழியிலிருந்து கசியும் ஈ.கோலி என்னும் குடல்வாழ் நுண்ணுயிரியும் டைபாய்டு கிருமியும், செம்பனைக்கு இடும் உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டும் நிறமற்றவை. கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் அவை இருக்கக்கூடும்.

கிணற்றில் மீன் உயிரோடிருந்தால் நீர் நல்லது என்பது அடுத்த நம்பிக்கை. மலாய்க்காரர் புயு என்றும் தமிழர் பனையேறிக் கெண்டை என்றும் அழைக்கும் மீனைக் கிணற்றில் விடும் வழக்கம் உண்டு. அது கொசுப்புழுவைத் தின்னும் என்பது உண்மையே. எனினும், நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே சுவாசிக்கவல்ல அம்மீன் சேற்றுக் குட்டையிலும் பிழைக்கும் என்பதால், தூய்மைக்கு அதைச் சாட்சியாக அழைப்பது பொருந்தாது.

படிகாரம் கலங்கலைத் தெளியவைக்குமே தவிர, கிருமிகள் அனைத்தையும் கொல்லாது. கொதிக்கவைத்தல் கிருமியைக் கொல்லும், ஆனால் நைட்ரேட்டை நீக்காது. நீர் ஆவியாகச் சுண்டுவதால் அதன் செறிவு சற்றே கூடும், ஆகவே நைட்ரேட் கலந்த நீர் கைக்குழந்தையின் பாலுக்கு ஆகாது.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு முதலாளி இலவசமாகக் குழாய்நீர் வழங்க வேண்டும் என 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் விதித்த பின், கிணற்றைப் பேண வேண்டியதில்லை என்ற எண்ணமும் வேரூன்றியது. அடுத்த ஆண்டே டுரியான் துங்கால் அணை வறண்டு மாநிலம் தவித்தது என்பதை நினைத்தால், அந்த எண்ணம் எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். நெடுநாள் இறைக்காத கிணறுதான் அத்தகைய வேளையில் மிகுந்த ஆபத்தானது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 1997-ஆம் ஆண்டு ஆய்வுப் படிவம் கிணற்றின் சுற்றுப்புறத்தையே முதலில் நோக்கியது: 10 மீட்டருக்குள்ளோ மேட்டுப்பக்கத்திலோ கழிவறை உள்ளதா, உட்சுவர் தரைமட்டத்துக்குக் கீழே 3 மீட்டர் வரை கசிவின்றிப் பூசப்பட்டுள்ளதா, வாளியும் கயிறும் தரையில் கிடக்கின்றனவா என்று அது கேட்டது. பலர் கவனிக்காதது அந்தக் கயிறே. கோழி நடந்த மண்ணில் கிடந்துவிட்டு நேராகக் கிணற்றுக்குள் இறங்குவது அதுதான்.

வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பின், அதில் ஊறும் ஒவ்வொரு 1,000 லிட்டர் நீருக்கும், மணம் சேர்க்காத 5 விழுக்காட்டுக் குளோரின் வெளுப்புத் திரவம் 1 லிட்டர் கலந்து, 12 மணி நேரம் விட்டு, வாடை நீங்கும்வரை இறைத்துவிட வேண்டும். இரும்பு குளோரினை விழுங்கிவிடும் என்பதால், செம்மண் கிணற்றில் வாடை விரைவிலேயே மறைந்தால் மருந்து போதவில்லை என்று கொண்டு மீண்டும் இடவேண்டும். அதன்பிறகும் ஆய்வு முடிவு வரும்வரை நீரைக் கொதிக்கவைத்தே பருகுக. மாதிரி எடுக்கும் முறையை மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டறிந்து, கிருமி நீக்கிய புட்டியில் எடுத்துக் குளிரவைத்து அன்றே ஒப்படைக்கவும்.