கிதாரின் கழுத்தை நிமிர்த்தும் தண்டு

சுவரில் ஒரு கிதார் மாட்டப்பட்டிருக்கிறது. அதை யாரும் வாசிக்கவில்லை, தொடக்கூட இல்லை. ஆயினும் அந்த நேரத்திலும் ஒரு வளர்ந்த மனிதரின் எடைக்குச் சமமான விசை அதன் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது! இந்த விசை எங்கிருந்து வருகிறது? மெல்லிய மரக்கழுத்து அதை எப்படித் தாங்குகிறது?

மாணவர்களே, சுரமானியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இழுத்துக் கட்டிய தந்தியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது: அதன் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை. அந்த வாய்பாட்டிலிருந்து இழுவிசையை எளிதில் கண்டுபிடிக்கலாம். நீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கப்படுத்தி, ஓரலகு நீளத்தின் நிறையால் பெருக்கினால் போதும்.

எஃகுத் தந்தி கிதாரின் முதல் தந்தியை எடுத்துக்கொள்வோம். நீளம் 0.648 மீட்டர், அதிர்வெண் 329.6 ஹெர்ட்ஸ், விட்டம் 0.305 மி.மீ. இத்தகைய கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 0.57 கிராம் இருக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: இழுவிசை ஏறக்குறைய 104 நியூட்டன். ஆறு தந்திகளுக்கும் சேர்த்து 700 நியூட்டனுக்கும் மேல், அதாவது 70 கிலோகிராம் எடைக்கும் மேல் வருகிறது.

இந்த விசை கழுத்தின் நடுவே செல்வதில்லை. தந்திகள் விரற்பலகைக்கு மேலே ஓடுகின்றன அல்லவா? எனவே ஒரு திருப்புத்திறன் உண்டாகிறது. கழுத்தின் முன்புறம் அமுங்குகிறது, பின்புறம் நீள்கிறது, கழுத்து வில்லைப்போல வளைய முயல்கிறது. மரத்திற்கு இன்னொரு குணமும் உண்டு. நீண்ட நாள் ஒரே சுமையைத் தாங்கினால் அது மெல்ல மெல்ல மேலும் வளைந்துகொண்டே போகும்.

சிறிது வளைவு தேவைதான். தந்தி அதிரும்போது அதன் நடுப்பகுதி அதிகமாக ஊசலாடுவதால், கழுத்தின் நடுவில் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை பள்ளம் விடுவது வழக்கம். அது குறைந்தால் தந்தி மெட்டுகளில் உரசி இரையும். கூடினால் தந்தியை வெகுவாக அழுத்த வேண்டிவரும். அப்போது இழுவிசை ஏறி, சுருதி கூடிவிடும். ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியில் இசையே கெட்டுவிடுகிறது!

இதற்குத் தீர்வாக வந்ததே 'டிரஸ் ராடு' எனப்படும் எஃகுத் தண்டு. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹ்யூ 1921-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். எல்லோரும் உடனே இதை ஏற்கவில்லை. மார்ட்டின் நிறுவனம் திருக இயலாத சட்டங்களையே நெடுங்காலம் பதித்துவந்தது. 1985-இல்தான் திருகக்கூடிய தண்டுக்கு மாறியது. நைலான் தந்திகளின் இழுவிசை குறைவு. அவற்றைக் கட்டும் கிதாரின் கழுத்தும் அகலம். ஆகவே அதற்குப் பெரும்பாலும் தண்டு இருப்பதில்லை.

தண்டு இரு வகைப்படும். ஒருவழித் தண்டு கழுத்தின் பின்புறத்தை ஒட்டிய காடியில் கிடக்கும். நட்டைத் திருகினால் அது பின்புறத்தை அமுக்கி, தந்திகளின் திருப்புத்திறனுக்கு எதிரான திருப்புத்திறனைத் தரும். இருவழித் தண்டில் இரண்டு தண்டுகள் முனைகளில் இணைந்திருக்கும். ஒன்றின் நீளம் மாறாது. மற்றதன் ஒரு முனையில் வலப்புரி மரையும் மறுமுனையில் இடப்புரி மரையும் இருக்கும். ஒரு பக்கம் திருகினால் இணைப்புகள் நெருங்கும். மறுபக்கம் திருகினால் விலகும். ஆகவே கழுத்தை இரு திசையிலும் வளைக்கலாம். காற்றின் ஈரம் மாறி மரம் பின்னோக்கி வளைந்தாலும் இது சரிசெய்துவிடும்.

கையால் கிதார் செய்பவர் இதைத் தேர்ந்தெடுக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். ஏன்? தண்டின் மேல் விரற்பலகையை ஒட்டிவிட்டால், பிறகு உள்ளே பழுது ஏற்பட்டால், பலகையைச் சூடாக்கிப் பெயர்க்க வேண்டும். மாதக்கணக்கில் செய்த வேலை பாழாகலாம்.

"உறுதியான எஃகு, அதனால் வளையாது" என்று விற்பவர் சொன்னால் சற்று யோசியுங்கள். சாதாரண எஃகானாலும் உயர்தர எஃகானாலும் யங் குணகம் ஏறக்குறைய 200 ஜிகாபாஸ்கல்தான். ஒரே பருமனுள்ள தண்டுகள் ஒரே அளவு விறைப்பாகவே இருக்கும். உயர்தர எஃகில் கூடுவது மீட்சி எல்லை. அதாவது நிரந்தரமாகத் திரிபடையாமல் எவ்வளவு தாங்கும் என்பது. எனவே பெயரை விட வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டும். மரை பிசிறின்றி, சீராகச் சுழல வேண்டும். முனைகளின் பற்றவைப்பில் வெடிப்போ துளையோ கூடாது. ஆலன் கீ பொருந்தும் குழி ஆட்டமின்றி இருக்க வேண்டும். தண்டு காடியில் இறுக்கமாக அமர வேண்டும். தளர்ந்திருந்தால் சில சுரங்களில் ஒத்ததிர்வு அடைந்து கடகடக்கும். காடியை மிக ஆழமாக வெட்டினால் பின்புற மரம் மெலிந்து பிளக்கலாம்.

ஒட்டுவதற்கு முன் சோதிப்பது எளிது. 400 மி.மீ. நீளமுள்ள இருவழித் தண்டு ஒன்றில் இரு தண்டுகளுக்கும் இடையே 6 மி.மீ. என்றும், புரியிடைத் தூரம் 1 மி.மீ. என்றும் கொள்வோம். எட்டில் ஒரு சுற்று திருகினால் இரு முனைகளிலும் சேர்த்து 0.25 மி.மீ. நெருங்கும். வட்டத்தின் வடிவியலின்படி நடுப்பகுதி சுமார் 2 மி.மீ. உயரும். ஏறத்தாழ எட்டு மடங்கு! (மரத்திற்குள் பதித்தபின் மரம் எதிர்ப்பதால் இது மிகவும் குறையும்.) சமதளத்தில் வைத்து இரு திசையிலும் இப்படித் திருகிப் பார்த்து, பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். தண்டு முன்போலவே நேரானால் மீட்சி எல்லையைத் தாண்டவில்லை என்று பொருள். வளைவு எஞ்சினால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரு மர ஸ்கேலின் இரு முனைகளுக்கும் இடையே நூலைக் கட்டுங்கள். முனைகளின் அருகே நூலுக்கு அடியில் சிறு பென்சில் துண்டுகளைச் செருகுங்கள். நூலின் நடுவே தீக்குச்சியை நுழைத்து முறுக்கினால் ஸ்கேல் வளையும். பின்புறத்திலும் அவ்வாறே ஒரு நூலைக் கட்டி முறுக்குங்கள்; ஸ்கேல் நிமிர்ந்துவிடும்.

இப்போது ஒரு கேள்வி. நிமிர்ந்த ஸ்கேலின் மீது விசை குறைந்ததா, கூடியதா? கூடித்தான் இருக்கிறது! இரு நூல்களும் அதை அமுக்குகின்றன. திருப்புத்திறன்கள் மட்டுமே ஒன்றையொன்று நீக்கிக்கொண்டன. ஒருவழித் தண்டும் தந்திகளின் சுமையைக் குறைப்பதில்லை. அதற்கு எதிரான சுமையைச் சேர்க்கிறது. ஆகவேதான் கைதேர்ந்தவர்கள் நட்டை ஒரு நேரத்தில் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருகுவதில்லை. திருகிவிட்டுப் பொறுத்திருந்து, நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து அளந்த பிறகே மீண்டும் நட்டைத் தொடுகிறார்கள்.