சீமையில் படிக்கும் பிள்ளையும் அன்றாட வாழ்வும்

கடல் கடந்து வாழ்வது நம் சமூகத்துக்குப் புதிதன்று. பினாங்கில் கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் 1801-ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன என்பது யாவரும் அறிந்ததே. நாகூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோருக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. வந்திறங்கிய இடத்தில் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். கடைக்கு மேல்மாடியில் விரிக்கப் பாய் கிடைத்தது. வேளைக்குச் சோறு கிடைத்தது. எங்கே குளிப்பது, யாரை நம்புவது, யாரிடம் எச்சரிக்கையாக இருப்பது என்று சொல்லித்தர மூத்தவர் இருந்தார்.

இன்று படிப்புக்காகச் சீமைக்குப் போகும் நம் பிள்ளைக்கு அத்தகைய ஊர்க்காரர் இருப்பது அரிது. கையில் ஒரு சாவியும் ஓர் அறை எண்ணும் கொடுக்கப்படுகின்றன. அதற்குப் பின் எல்லாம் அவன் பொறுப்பு.

பிள்ளையை அனுப்புமுன் நாம் எத்தனையோ விசாரிக்கிறோம். பல்கலைக்கழகத்தின் பெயர் என்ன, பட்டத்துக்கு மதிப்பு உண்டா, கட்டணம் எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறோம். அங்கே அவனுடைய ஒரு நாள் எப்படிக் கழியும் என்று மட்டும் கேட்பதில்லை. நாம் கண்டவரை, அயல்நாட்டில் தடுமாறும் பிள்ளைகளுள் பலர் அறிவுக் குறைவால் தடுமாறியவர்கள் அல்லர். தூக்கம், சாப்பாடு, பணம், துணை ஆகிய நான்கில் ஏதோ ஒன்று கெட்டது. அதை வீட்டாரிடம் சொல்ல நாணினார்கள். அந்த மௌனத்தில்தான் படிப்பும் கெட்டது. ஆகவே இந்நான்கையும், இவற்றோடு வகுப்பறையையும் பிரிட்டனை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிள்ளை என்று நாம் எழுதுவது மகனையும் மகளையும் சேர்த்தே என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1. பொழுது

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவு. லண்டனில் அப்படியில்லை. டிசம்பர் மாதக் கடைசியில் காலை 8 மணிக்குப் பின்னரே சூரியன் உதிக்கும். மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். ஜூன் மாதத்திலோ விடியற்காலை 5 மணிக்கு முன்பே வெளிச்சம். இரவு 9 மணிக்குப் பின்னும் சூரியன் இருக்கும். செப்டம்பரில் போய்ச் சேரும் பிள்ளைக்குக் குளிரைவிட இந்த இருட்டே புதுமை. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இரவு போல் இருக்கும். அறைக்குள் முடங்கத் தோன்றும். தூக்கம் முறை தவறும். காலை வகுப்பு தவறும். நண்பகலில் அரை மணி நேரமாவது வெளிச்சத்தில் நடப்பது, விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுவது என்னும் இரண்டு பழக்கங்களை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்வது நலம்.

தொழும் பிள்ளைக்கு இன்னொன்று சொல்லவேண்டும். குளிர்காலத்தில் லுஹர் தொடங்கி மஃரிப் வரும்வரை உள்ள இடைவெளி ஏறக்குறைய 4 மணி நேரமே. அந்நேரம் வகுப்பு நேரமாகவும் இருக்கும். கோடையில் இஷா நள்ளிரவை நெருங்கும். ஆகையால் பல்கலைக்கழகத்தில் தொழும் அறை எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே விசாரித்து, வகுப்பு அட்டவணையையும் தொழுகை அட்டவணையையும் அருகருகே வைத்துத் திட்டமிடவேண்டும்.

நேர வித்தியாசத்தை வீட்டாரும் அறிந்திருக்கவேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச்சு கடைசி ஞாயிறு வரை நாம் பிரிட்டனுக்கு 8 மணி நேரம் முந்தியவர்கள். மற்ற மாதங்களில் 7 மணி நேரம். நாம் இரவு 9 மணிக்குக் கடையடைத்து அழைக்கும்போது, குளிர்காலத்தில் அங்கே பகல் 1 மணி; பிள்ளை வகுப்பில் இருப்பான். அவன் மாலை 6 மணிக்கு அறைக்கு வந்து மனம் திறந்து பேச நினைக்கும்போது இங்கே இரவு 2 மணி. வாரத்தில் ஒரு நாளும் ஒரு நேரமும் குறித்துக்கொண்டால் இந்தக் கண்ணாமூச்சி இராது.

2. அடுப்பு

வீட்டில் தேநீர்கூடக் கலக்கியறியாத பிள்ளை அங்கே போய் ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறான். சோறு, பருப்பு, கோழி ஆணம், முட்டை, ஒரு கீரை ஆகிய ஐந்தும் சமைக்கக் கற்ற பிறகே விமானச் சீட்டு வாங்கவேண்டும் என்று விதி வைத்தாலும் தவறில்லை. இது மகளுக்கு மட்டும் உரிய பாடம் அன்று.

மாணவர் விடுதியில் சமையற்கட்டு பெரும்பாலும் பொது. அங்கே நம் வழக்கப்படி எண்ணெய் காய்ந்து புகைய மிளகாய் தாளித்தால் புகைமணி அலறும். கட்டடத்தில் உள்ளோர் அனைவரும் குளிரில் வெளியே வந்து நிற்பார்கள். காற்றுப்போக்கியைப் போட்டுச் சன்னலைத் திறந்து இளந்தீயில் தாளிக்கவேண்டும். மூன்று முனைச் செருகி அங்கும் இங்கும் ஒரே வகை. நம் மின்சாரச் சோற்றுப்பானை அங்கும் வேலை செய்யும். ஆனால் அறைக்குள் அதை வைக்கப் பல விடுதிகளில் அனுமதி இல்லை.

உம்மாமார் கவனிக்கவேண்டியது ஒன்று. நம் நாடுகளிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் பிரிட்டனுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. அன்பாகச் செய்து கட்டிக்கொடுத்த உப்புக்கண்டமும் நெய்ப் போத்தலும் சுங்கச்சாவடியில் பறிபோகும். அவற்றுக்காக வருந்தவும் வேண்டாம். லண்டன் ஈஸ்ட் ஹாம் பகுதியில் தமிழர் மளிகைக் கடைகள் வரிசையாக உள்ளன. ஹலால் இறைச்சிக்கடைகளும் பெரிய நகரங்களில் எளிதில் கிடைக்கும். வீட்டில் இடித்த மசாலாத்தூள் போதும்.

3. கணக்கு

இது நமக்குத் தெரிந்த கலை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்க மறந்த கலை. 1888-ஆம் ஆண்டில் வணிகக் குலத்தைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் சட்டம் படிக்க லண்டனுக்குப் போனார். அவரே பின்னாளில் மகாத்மா காந்தி எனப் போற்றப்பட்டவர். தொடக்கத்தில் இரவுகளில் வீட்டை நினைத்து அழுததையும், செலவிட்ட ஒவ்வொரு காசையும் எழுதி உறங்குமுன் கணக்கு முடித்ததையும், வண்டிச்சத்தத்தை மிச்சப்படுத்த மைல் கணக்கில் நடந்ததையும் அவர் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்.

புதிதாகப் போகும் பிள்ளை இரு வகையில் தவறுகிறான். ஒரு வகையினன் ஒவ்வொரு விலையையும் வெள்ளியாக மாற்றிப் பார்த்துப் பயந்து பட்டினி கிடக்கிறான். மற்றொரு வகையினன் 5 பவுண்டை 5 வெள்ளி போல் எண்ணிச் செலவிட்டு, தவணைப் பணத்தை ஆறே வாரத்தில் தீர்த்துவிடுகிறான். வாடகையை முதலில் ஒதுக்கி, எஞ்சியதை வாரங்களால் வகுத்து, அந்தந்த வாரத்துப் பணத்துக்குள் வாழ்வதே நேர்வழி. கல்லாவில் உள்ளதெல்லாம் லாபம் அன்று என்பதைக் கடைக்காரர் பிள்ளைக்கு யார் சொல்லவேண்டும்?

சட்டம் சார்ந்த சில செய்திகளையும் தாய் தந்தையர் அறிந்திருக்கவேண்டும்:

மாணவர் விசாவில் பட்டப் படிப்பு படிப்பவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. அந்த விசாவில் சொந்தமாக வியாபாரம் செய்யவே கூடாது. "இங்கிருந்து சரக்கு அனுப்புகிறோம், நீ அங்கே விற்றுக்கொடு" என்று நாம் யோசனை சொன்னால், அது பிள்ளையின் படிப்புக்கே உலை வைக்கும்.

தன் வங்கிக் கணக்கின் வழியாகப் பிறர் பணம் போய்வர ஒருபோதும் இடங்கொடுக்கலாகாது. சிறிது தரகு தருவதாக ஆசைகாட்டி மாணவர்களைப் பிடிக்கும் மோசடிக் கூட்டங்கள் அங்கே உண்டு. அது கறுப்புப் பணத்தைக் கைமாற்றும் குற்றம்.

இங்கிலாந்தில் தனியார் வீட்டில் குடியேறினால், முன்பணத்தை வீட்டுக்காரர் 30 நாளைக்குள் அரசு ஏற்பளித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கவேண்டும். அதன் சான்றைக் கேட்டு வாங்குவது குடியிருப்பவர் உரிமை.

விசாவுக்கு மனுச் செய்கையில் மருத்துவ வசதிக்கென ஆண்டுக்கு 776 பவுண்டு கட்டுகிறோம். கட்டியும் பயன் கொள்ளாதிருப்பது நட்டம். போன முதல் வாரத்திலேயே அருகிலுள்ள குடும்ப மருத்துவரிடம் பெயர் பதியவேண்டும். அவசரமல்லாத நோய்க்கு 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999.

4. வகுப்பறை

நம் பள்ளிக்கூடங்களில் 90 மதிப்பெண் வாங்கிய பிள்ளை அங்கே முதற்கட்டுரைக்கு 62 வாங்குகிறான். தன் வாழ்வே முடிந்ததென்று எண்ணுகிறான். இங்கே வாப்பாவும் கோபிக்கிறார். இருவருக்கும் அங்குள்ள அளவுகோல் தெரியாது. பிரிட்டிஷ் பட்டப் படிப்பில் 70-ம் அதற்கு மேலும் முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு. அது மதிப்புள்ள தேர்ச்சி. 40 பெற்றால் தேறியதாகக் கொள்வர். ஆகவே 62 நல்ல தொடக்கம். இந்த ஒரு செய்தி தெரிந்தாலே பல வீடுகளில் மனத்தாங்கல் குறையும்.

வகுப்பில் அடங்கி உட்கார்ந்திருப்பது இங்கே மரியாதை. அங்கே சிறு குழு வகுப்பில் வாய் திறவாதவனைப் பாடம் படிக்காதவன் என்று எண்ணிவிடுவார்கள். ஆசிரியரை எதிர்த்துக் கேள்வி கேட்பது பணிவுக் குறைவு ஆகாது. பிறர் எழுதியதை எடுத்தாளும்போது அவர் பெயரைக் குறிக்கவேண்டும். தவறினால் கடுந்தண்டனை உண்டு. பிறர் சரக்குக்கு நம் முத்திரை குத்தி விற்பதை நாம் ஒப்புவோமா? அதுபோன்றதே இதுவும்.

பேச்சு வழக்கும் சற்றுக் குழப்பும். எதிர்ப்படுபவர் "ஆல்ரைட்?" என்று கேட்டால் அது நலம் விசாரிப்பு அன்று, சலாம் போன்ற ஒரு சொல். நின்று பதில் கேட்கவில்லையே என்று பிள்ளை மனம் புண்படவேண்டாம்.

5. துணை

துங்கு அப்துல் ரஹ்மான் கேம்பிரிட்ஜில் படித்து 1925-ல் பட்டம் பெற்றார். பிரிட்டனில் மலாய் மாணவர்களுக்கென ஒரு சங்கம் எழ முன்னின்றவருள் அவரும் ஒருவர். விட்டுத் தொடர்ந்த சட்டப் படிப்பை முடித்து அவர் பாரிஸ்டரானது 1949-ல்தான். லீ குவான் இயூ 1946-ல் லண்டனில் சேர்ந்தார். மாநகரின் வாழ்க்கை ஒவ்வாமல், 1947 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜுக்கு மாறிக்கொண்டார். நாட்டின் முதற் பிரதமர்களான இவ்விருவர்க்கும் அயலூர் வாழ்வு எடுத்த எடுப்பில் பொருந்திவிடவில்லை. துணை தேடிக்கொண்டதும் இடம் மாறியதும் தோல்வியாகிவிடவில்லை.

நம் பிள்ளைக்கும் இரு வகைத் துணை வேண்டும். நம் மொழி பேசவும் பெருநாளில் ஒன்றாக உண்ணவும் நம்மவர் சிலர். அந்நாட்டின் நடைமுறை சொல்லித்தர அந்நாட்டவர் சிலர். முதல் வகை மட்டும் இருந்தால் பிள்ளை ஊரை விட்டே போகாதவன் ஆவான். இரண்டாம் வகை மட்டும் இருந்தால் துயரநாளில் தனித்துப்போவான். பல்கலைக்கழகங்களில் மாணவருக்கு வழிகாட்ட ஆசிரியரும், மனக்கவலை கேட்டு ஆலோசனை சொல்வோரும் இருக்கிறார்கள். அவர்களிடம் போவது மானக்கேடன்று.

6. வீட்டார் கடமை

இவ்வளவும் பிள்ளைக்குரிய பாடம். நமக்குரியது ஒன்றே. பணம் அனுப்பும் தந்தையிடம் பிள்ளை தன் கஷ்டத்தைச் சொல்ல அஞ்சுகிறான். முதல் போட்டவரிடம் நட்டக் கணக்குக் காட்டுவது எளிதா? "அத்தா, எல்லாம் நல்லா இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறான். அவ்வரியை நாம் அப்படியே ஏற்றுப் பேரேட்டில் பதிந்துகொள்கிறோம்.

கடையில் நட்டம் வந்தால் முதல் மாதமே சொல்லும் பங்காளியையே நாம் நல்லவன் என்கிறோம். மறைத்து வைத்து ஆண்டு முடிவில் ஐந்தொகை போடும்போது கையை விரிப்பவனை நம்புவதில்லை. பிள்ளை முதல் மாதமே சொல்லவேண்டுமானால், சொன்னால் ஏச்சு வராது என்ற நம்பிக்கையை விமானம் ஏறுமுன் நாம் கொடுத்திருக்கவேண்டும். பாடம் மாற்ற விரும்பினாலும், ஓராண்டு பிந்தினாலும், திரும்பிவர நேர்ந்தாலும் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும் என்பதை வாயால் சொல்லவேண்டும். மனத்தில் வைத்திருந்தால் பிள்ளைக்குத் தெரியாது.

அடுத்த முறை பிள்ளையோடு பேசும்போது மதிப்பெண்ணைக் கடைசியில் கேளுங்கள். அதற்கு முன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

நேற்று இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்?
இந்த வாரம் எத்தனை நாள் சமைத்தாய்? யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?
இந்த வாரப் பணத்தில் மீதம் எவ்வளவு?
காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டி உதவி கேட்க அடுத்த அறையில் யார் இருக்கிறார்?

நான்காவது கேள்விக்குப் பிள்ளை ஒரு பெயரைச் சொன்னால் நிம்மதியாக இருக்கலாம். பதில் வரச் சற்றுத் தாமதித்தால், அன்று கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்கள்.