பிள்ளைகளின் ரகசியம்

பிள்ளைகள் கூடி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொல்வாள். "யாரிடமும் சொல்லாதே. சத்தியம் பண்ணு" என்பாள். இருவரும் சிரிப்பார்கள்.

மூன்று வயதுக் குழந்தையிடம் ரகசியம் தங்காது. உடனே சொல்லிவிடும். ஐந்து, ஆறு வயதில் மறைக்கத் தெரிந்துவிடும். இன்னும் வளர்ந்தால் ரகசிய மொழியே பேசுவார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்ப்பார்கள். 'வா' என்பது 'கவா' ஆகும். 'மணி' என்பது 'கமகணி' ஆகும். எழுத்துத் தெரிந்த உங்களுக்கு இந்த ரகசியம் இனி எளிது!

இப்படிப்பட்ட ரகசியம் நல்லது. பிள்ளைகளின் நட்பு இதனால் வளரும்.

ஆனால் எல்லா ரகசியமும் ஒன்றல்ல.

ஓர் ஊரில் ஒரு தாய் இருந்தாள். அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். அவளுக்கு ஓர் அண்ணன். பொங்கலுக்கு அம்மாவுக்கு வளையல் வாங்க இருவரும் காசு சேர்த்தார்கள். உண்டியலை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். அம்மாவுக்கு அது தெரியும். தெரியாதது போல் இருந்தாள். பொங்கலன்று வளையல் கைக்கு வந்தது. வீடே சிரித்தது.

சில நாள் கழித்து மகள் மாறிப் போனாள். கடைக்குப் போக மறுத்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் திடுக்கிட்டு விழித்தாள். அம்மா அதட்டவில்லை. பக்கத்தில் படுத்துத் தலையைக் கோதினாள்.

"அம்மா, ஒன்று சொன்னால் அடிக்க மாட்டியே?"

"மாட்டேன். சொல்லு கண்ணு."

"கடைக்காரர் மாமா மிட்டாய் கொடுத்தார். தொடக் கூடாத இடத்தில் தொட்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்."

அம்மாவுக்கு நெஞ்சு பதறியது. ஆனாலும் மகளை அணைத்துக்கொண்டாள். "நீ சொன்னது நல்லது. உன் மேல் தப்பே இல்லை" என்றாள்.

மறுநாள் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தாள். இது குழந்தைகளுக்கான உதவி எண். 1996-ல் மும்பையில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் உள்ளது. இதற்குக் கட்டணம் இல்லை. இரவும் பகலும் பேசலாம்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைப் பாதுகாக்க 2012-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயர் போக்சோ சட்டம். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். மறைப்பது தவறு. குழந்தையைப் போலீஸ் நிலையத்துக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே விசாரிக்கலாம். விசாரிக்கும் போலீஸ்காரர் சீருடையில் வரக் கூடாது. குழந்தையின் பெயரையும் படத்தையும் பத்திரிகையில் போடக் கூடாது.

அந்தத் தாயும் ஊரில் யாரிடமும் கதை பேசவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொன்னாள். மகளின் மானத்தைக் காத்தாள்.

பிள்ளைகள் சொல்லும் சின்னச் சின்ன விஷயத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். சிரிக்காதீர்கள். அடிக்காதீர்கள். சின்ன ரகசியத்தை நம்பிச் சொல்லும் பிள்ளைதான் பெரிய ரகசியத்தையும் சொல்லும்.

நினைவில் கொள்க

சிரிப்பில் முடியும் ரகசியம் நல்லது.
பயத்தைத் தரும் ரகசியத்தை உடனே சொல்ல வேண்டும்.
உதவி எண்: 1098.

பயிற்சி

1. 'கவீகடு' - இது என்ன சொல்?
2. மகள் சொன்னதைக் கேட்டதும் தாய் என்ன செய்தாள்?
3. உங்கள் பிள்ளை கடைசியாக உங்களிடம் சொன்ன ரகசியம் எது? அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? நினைத்துப் பாருங்கள்.