எண்ணில் கை வைக்காதீர்கள்

பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தால் புதியதன் விலையில் 2,500 ரூபாய் குறைத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். அன்றைக்கே கொடுத்தால்தான் அந்தத் தள்ளுபடி. கொடுத்துவிட்டேன். அந்த 2,500 ரூபாய் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதற்கான கணக்குதான் இது.

2011இல் மொட்டை மாடியில் ஒரு டிஷ் வைத்தேன். தூர்தர்ஷனின் இலவச டிஷ் அலைவரிசைகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர ஒரு ட்யூனர் கார்டு, உபுண்டு லினக்ஸ், அதன் மேல் மித்டிவி என்ற இலவச மென்பொருள். பொதிகையில் வந்த மார்கழிக் கச்சேரிகள், ஒவ்வொரு வருடமும் திருவையாறு ஆராதனையின் பஞ்சரத்ன நேரலை என்று பதிமூன்று வருடத்தில் 640 பதிவுகள் சேர்ந்தன. மொத்தம் 1.3 டெராபைட். பொதிகை 2024 சனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் பொதிகைதான். டிடிஎச் பெட்டியிலேயே பதிவு செய்துவைத்திருப்பவர்களுக்கு நான் எழுதுவது உதவாது. அந்தப் பதிவுகள் பெரும்பாலும் அந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் ஓடாது. உங்கள் வீட்டிலும் என்னைப் போல டிஷ்ஷும் லினக்ஸும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

சில்லறை வேலைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். புதிய மதர்போர்டில் பழைய பிசிஐ கார்டைச் செருக இடம் இருக்காது. யூஎஸ்பி ட்யூனர் வாங்குங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஃபேட்32இல் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. மூன்று மணி நேரக் கச்சேரி அதைத் தாண்டிவிடும். இரண்டு கம்ப்யூட்டர்களையும் லேன் கேபிளால் நேரடியாக இணைத்து ஆர்சிங்க் கட்டளையால் அனுப்பினேன், சுமார் நாலு மணி நேரம் ஆயிற்று. பழைய ஹார்டு டிஸ்கையே கழற்றி மாட்டலாமே என்பீர்கள். பதிமூன்று வயது டிஸ்கை நம்பும் துணிச்சல் எனக்கில்லை.

இதுவரை எல்லாம் சரி. அண்ணன் மகன் ஓஎம்ஆரில் வேலை பார்ப்பவன். போனில் கேட்டேன். "ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிட்டீங்கல்ல சித்தப்பா? அவ்ளோதான், பழசைக் குடுத்துருங்க" என்றான். கடைக்காரர் பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் மாலை நான் போய் நின்றபோது அதில் இருந்த இரண்டு டிஸ்குகளில் சிறியது ஃபார்மட் ஆகி, வேறு யாருக்கோ விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

நான் போய் நின்றதற்குக் காரணம் இதுதான். புதிய கம்ப்யூட்டரில் மித்டிவியைத் திறந்தால் பதிவுகளின் பட்டியல் காலி. கோப்புகள் இருக்கின்றன, பட்டியல் இல்லை. நிகழ்ச்சியின் பெயர், பாடியவர் என எதையுமே மித்டிவி வீடியோ கோப்பில் எழுதுவதில்லை. எல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், மித்கான்வெர்க் என்ற பெயரில் இருக்கும். அது நான் காப்பி செய்த பெரிய டிஸ்கில் இல்லை. ஃபார்மட் ஆன சிறிய டிஸ்கில் இருந்தது.

கையில் மிஞ்சியது எண்கள். 1012_20171224140000 என்று ஒரு கோப்பு. முதல் நாலு இலக்கம் சேனல், மீதி 2017 டிசம்பர் 24, பகல் 2 மணி. பகல் இரண்டு மணிக்கு நான் எந்தக் கச்சேரியைப் பதிவு செய்தேன் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 2012இல் வந்த 0.26 பதிப்பிலிருந்து மித்டிவி உலகப் பொது நேரத்தில் பெயர் வைக்கிறது. ஐந்தரை மணி கூட்டினால் இரவு 7.30. ஆனால் அதற்கு முன் பதிவானவற்றில் நம்மூர் நேரமே இருக்கும். அவற்றுக்குக் கூட்டக் கூடாது. இது தெரியாமல் முதல் வாரம் நான் போட்ட கணக்கெல்லாம் குப்பை.

இனிச் சொல்லப்போவதுதான் என் பெரிய தப்பு. டேட்டாபேஸை விட்டதும் கடைக்குக் கொடுத்ததும் அவசரத்தில் நடந்தவை. இதை நான் நிதானமாக, காபி குடித்துக்கொண்டே செய்தேன். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, பாடுபவரைப் பார்த்து, எண்ணை அழித்துவிட்டு அவர் பெயரையும் ராகத்தையும் போட்டு ரீநேம் செய்தேன். பஞ்சரத்னம் சுலபம்: நாட்டையில் தொடங்கி கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று போகும். ஆனால் எந்த வருடத்து ஆராதனை? அந்த எண்தான் சொல்லும். அதைத்தான் அழித்துக்கொண்டிருந்தேன். பழைய பெயரை ஒரு காகிதத்தில்கூடக் குறிக்கவில்லை. "எல்லாம் யூடியூப்ல இருக்குமே, எதுக்கு இந்தப் பாடு?" என்றாள் மனைவி. இல்லை. 2014இல் நான் பதிவு செய்த ஒரு நாகஸ்வரக் கச்சேரியை இன்றுவரை நான் அங்கே பார்க்கவில்லை.

இப்படி 118 கோப்பு முடித்திருந்தபோது ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கினேன். அடியில், வீடியோ அல்லாத ஒரு சின்னக் கோப்பு. மித்கான்வெர்க் என்று தொடங்கி, 2020 சூன் தேதியோடு, எஸ்க்யூஎல் ஜிஇசட் என முடிந்தது. குப்பை என்று அழிக்கப் போனவன் நின்றேன். மித்டிவியைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது டேட்டாபேஸின் ஒரு பிரதியை அது தானே எடுத்துவைக்கும். தனி இடம் சொல்லாவிட்டால், பதிவுகள் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டுவிடும். முதல் நாளிலிருந்து அது என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

அதை ஏற்ற மித்டிவியோடு வரும் ரீஸ்டோர் ஸ்கிரிப்ட் போதும். ஒரு கண்ணி உண்டு. ஒவ்வொரு பதிவிலும் அது எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அதன் பெயரோடு எழுதியிருக்கும். என் பழைய கம்ப்யூட்டரின் பெயர் பொதிகை. புதியதை அமைத்துக் கொடுத்த அண்ணன் மகன் ஏதோ விளையாட்டில் வரும் தண்டர் என்று வைத்துவிட்டுப் போயிருந்தான். எனவே ஏற்றும்போதே பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் ஸ்கிரிப்டுக்குச் சொல்ல வேண்டும். அதைவிட, புதியதற்கும் பழைய பெயரையே வைத்துவிடுவது உத்தமம்.

ஏற்றினேன். 2020 வரையிலான 493 பதிவுகளின் பெயர்களும் திரையில் வந்தன. அவற்றில் 118 மட்டும் ஓடவில்லை. எவை என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். கோப்பின் பெயரை மாற்றினாலும் அதன் அளவு மாறாது. டேட்டாபேஸில் ஒவ்வொரு பதிவின் அளவும் கடைசி பைட் வரை எழுதியிருக்கிறது. இரண்டு பட்டியலையும் அச்செடுத்து, ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்து 111 கோப்புகளுக்குப் பழைய எண்ணைத் திரும்பக் கொடுத்தேன். மீதி ஏழில் முன்னால் இருந்த விளம்பரத்தை நானே வெட்டியிருந்ததால் அளவு ஒத்துவரவில்லை. "ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா அஞ்சு நிமிஷம் சித்தப்பா" என்று அண்ணன் மகன் பிறகு சொன்னான். முன்னால் சொல்லியிருக்கலாம்.

இன்னொருவர், அநாதைக் கோப்புகளைத் தேடித் தரும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள் என்றார். டேட்டாபேஸில் இல்லாத வீடியோவை அது அநாதை என்று காட்டி, அழித்துவிடவா என்றும் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் சரி என்று தட்டியிருந்தால் 2020க்குப் பிந்தைய 147 கச்சேரிகளும் போயிருக்கும். நல்லெண்ணத்தோடு சொல்பவர்களிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும்.

நீங்கள் மாற்றுவதாக இருந்தால், பழையதை அணைப்பதற்கு முன் பேக்கப் ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டி, வரும் கோப்பைப் பென்டிரைவில் எடுங்கள். பெயர் பார்த்துத் திறக்க ஆசையா? மித்லிங்க் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. அசல் கோப்பைத் தொடாமல், தனி ஃபோல்டரில் நிகழ்ச்சியின் பெயரிலேயே இணைப்பு போட்டுத் தரும். பழைய கம்ப்யூட்டரை மூன்று மாதமாவது பரணில் போட்டுவையுங்கள். தள்ளுபடி போனால் போகட்டும்.

அந்த 147இல் தொண்ணூறை உட்கார்ந்து பார்த்து முடித்துவிட்டேன். 57 பாக்கி. ஒன்றில் மட்டும் தோற்றுவிட்டேன்: 2021 டிசம்பர் கடைசி வாரம், பொதிகை, இரவு 7.30. வயலின் தனிக் கச்சேரி. பதிவு கல்யாணி ஆலாபனையின் நடுவில் தொடங்குகிறது, கடைசிவரை பெயர் வரவில்லை. வாசித்தவர் பச்சைப் பட்டுப்புடவை, ஐம்பது வயது இருக்கும். அன்று பார்த்தவர்கள் யாராவது இருந்தால் பெயரைச் சொல்லுங்கள்.