புற்றுநோயும் ஒரு நீண்ட சைக்கிள் பயணமும்

"சைக்கிள் ஓட்டினால் புற்றுநோய் மாறிவிடுமா?"

புற்றுநோய் விழிப்புணர்வுக்காக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார். நியாயமான கேள்விதான். பணம் தேவை என்றால் பணத்தைச் சேர்த்துக் கொடுக்கலாமே, இத்தனை பேர் வெயிலிலும் மழையிலும் ஏன் வியர்வை சிந்த வேண்டும்? இக்கட்டுரை இக்கேள்விக்கான விடையைத் தேடுகிறது. நோயைப் பற்றிய சிறு விளக்கத்தோடு தொடங்குவோம்.

புற்றுநோய் என்றால் என்ன?

உயர்தர உயிரியல் பாடத்தில் இழையுருப்பிரிவைப் படிக்கிறோம். ஒரு கலம் இரண்டாகப் பிரிகிறது. எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளைகள் அக்கலத்தின் பரம்பரை அலகுகளில் உள்ளன. அக்கட்டளைகள் பழுதடையும்போது கலம் நிறுத்தாமல் பிரிந்துகொண்டே போகிறது. காலப்போக்கில் அது பக்கத்து இழையங்களுக்குள் புகுந்து, குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் வேறு அங்கங்களுக்கும் செல்கிறது. இதுவே புற்றுநோய். இது தொற்றுநோய் அல்ல. ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ ஒரே பாயில் படுப்பதாலோ ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது.

இந்த விளக்கத்தில் முக்கியமான சொல் "காலப்போக்கில்" என்பதாகும். நோய் ஓரிடத்தில் இருக்கும்போது கண்டுபிடித்தால் சிகிச்சை இலகுவானது. பரவிய பின்னர் கண்டுபிடித்தால் கடினமானது. ஆகவே புற்றுநோயை எதிர்ப்பதற்கு இரண்டு விடயங்கள் அவசியம். ஒன்று, ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்குமான பணம். மற்றது, மக்கள் வாய் திறந்து பேசி, நேரத்தோடு வைத்தியரிடம் செல்லுதல். நெடுந்தூர சைக்கிள் பயணம் இந்த இரண்டையும் எவ்வாறு செய்கிறது என்பதற்கு ஓர் உண்மையான உதாரணத்தைப் பார்ப்போம்.

36 பேரில் தொடங்கிய பயணம்

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்ற இளைஞர் இருந்தார். 1974ஆம் ஆண்டு அவருடைய தாயார் தோற் புற்றுநோயால் காலமானார். பின்னர் நெருங்கிய உறவினர் இருவரையும் அவர் இதே நோய்க்குப் பறிகொடுத்தார். 1980ஆம் ஆண்டு அவர் தன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார். மொத்தம் 36 பேர். ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலிருந்து கடலுக்குள் நீண்டிருக்கும் கேப் கோட் தீபகற்பத்தின் முனையான புரொவின்ஸ்டவுன் வரை இரண்டு நாட்கள் சைக்கிளில் சென்றார்கள். தூரம் சுமார் 350 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் தூரத்தை விடச் சற்றுக் குறைவு.

அந்த முதல் பயணத்தில் சேர்ந்த பணம் 10,200 டொலர். ஒருவருக்கு 300 டொலர்கூட இல்லை. அத்துடன் அது நின்றுவிடவில்லை. "பான்-மாஸ் சலஞ்ச்" என்ற பெயரில் ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாதத்தின் தொடக்கத்தில் நடந்து வருகிறது. இப்போது ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வழியில் தண்ணீரும் உணவும் கொடுத்து உதவுகிறார்கள். 2024ஆம் ஆண்டு வரை சேர்ந்த மொத்தத் தொகை 100 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. இத்தொகை பொஸ்டன் நகரிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவகத்துக்குச் செல்கிறது.

இதன் ஒழுங்குமுறையைக் கவனிக்க வேண்டும். பங்குபற்றும் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட ஒரு தொகையைத் திரட்டித் தருவதாக முன்கூட்டியே உறுதியளிக்கிறார். அதைத் திரட்ட முடியாவிட்டால் மிகுதியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். பயணத்தை நடத்தும் செலவுகளுக்கு அனுசரணையாளர்களும் பதிவுக் கட்டணங்களும் இருக்கின்றன. அதனால் சைக்கிளோட்டிகள் திரட்டும் பணம் முழுவதும் நோயாளிகளுக்கும் ஆராய்ச்சிக்கும் போய்ச் சேருகிறது. நன்கொடை கேட்கும் எவரும் இந்தக் கணக்குச் சுத்தத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

பணம் என்ன செய்தது?

இந்நிறுவகத்தைத் தோற்றுவித்தவர் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர். அக்காலத்தில் குருதிப் புற்றுநோய் வந்த பிள்ளைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடுவார்கள். கலம் பிரிவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை என்பது அவருக்குத் தெரியும். அதன் வேலையைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தால் புற்றுநோய்க் கலங்கள் பிரிவது நிற்காதா என்று சிந்தித்தார். 1948ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, மருந்து கொடுக்கப்பட்ட 16 பிள்ளைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அது தற்காலிகமானதுதான். ஆனாலும் இந்த நோயை மருந்தால் பின்வாங்கச் செய்யலாம் என்பதை அது உலகுக்குக் காட்டியது.

அதே 1948இல் அங்கு சிகிச்சை பெற்ற 12 வயதுச் சிறுவன் ஒருவனை "ஜிம்மி" என்ற புனைபெயரில் வானொலியில் பேச வைத்தார்கள். அவனுக்குப் பிடித்த பேஸ்போல் வீரர்கள் அவன் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். அவன் கேட்டது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி மட்டும்தான். 20,000 டொலர் திரட்டுவதே நோக்கம். மக்கள் அனுப்பியதோ இரண்டு இலட்சம் டொலருக்கும் மேல். ஜிம்மி நிதியம் அவ்வாறு பிறந்தது. அந்தச் சிறுவனும் குணமடைந்து, அறுபது வயதைக் கடந்து வாழ்ந்தான். இன்று நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில், பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் வகைக் குருதிப் புற்றுநோயில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் ஒரு வைத்தியரின் பொறுமையும் வெளியே முகம் தெரியாத மனிதர்களின் சில்லறைக் காசும் சேர்ந்துதான் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன.

உண்டியல் செய்யாததை வீதி செய்கிறது

பணத்தை உண்டியலிலும் சேர்க்கலாம். அப்படியானால் சைக்கிள் எதற்கு? எனக்குத் தெரிந்த வரையில் மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, உண்டியலில் காசு போடுபவர் எதையும் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் சைக்கிளோட்டத்துக்கு நன்கொடை கேட்கும்போது, "யாருக்காக ஓடுகிறீர்கள்?" என்று எதிரில் இருப்பவர் கேட்பார். உடனே ஒரு தாயின் கதையோ ஒரு நண்பனின் கதையோ வெளியே வரும். ஐம்பது பேரிடம் கேட்டால் ஐம்பது உரையாடல்கள்.

இரண்டாவது, நோயிலிருந்து மீண்டவர்களும் இந்தப் பயணத்தில் ஓடுகிறார்கள். மீண்டவர் ஒருவர் மேடு ஏறி வருவதைக் கண்ணால் காணும்போது, "புற்றுநோய் வந்தால் மரணம்தான்" என்ற எண்ணம் ஆட்டம் காண்கிறது.

மூன்றாவது, பயணம் கடினமாக இருப்பதே அதன் பொருள். பான்-மாஸ் பயணத்தில் சில குழுக்கள் சிகிச்சை பெறும் ஒரு பிள்ளையைத் தமது தோழராக ஏற்றுக்கொள்கின்றன. லேக்வில் என்ற இடத்திலுள்ள தண்ணீர் நிலையத்தை நெருங்கும்போது அப்பிள்ளைகளின் பெரிய படங்கள் வீதியோரம் வரிசையாக நிற்கும். கால் வலிக்கிறது என்று நினைத்தவர் அந்தப் படங்களைக் கடந்துதான் போக வேண்டும்.

அதே 1980ஆம் ஆண்டில் கனடாவில், எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி ஃபொக்ஸ் என்ற இளைஞர் செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடி 5,373 கிலோமீற்றரைக் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அவர் பெயரிலான ஓட்டம் இன்றும் பல நாடுகளில் தொடர்கிறது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2011இல் தெற்கே தெவிநுவரவிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் தூரம் "ட்ரெயில்" என்ற நடைபயணம் நடைபெற்றது. தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதே அதன் நோக்கம். 2016இல் அதே பாதையில் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி, காலி கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்காக நடந்தார்கள். வடக்கின் நோயாளிக்காகத் தெற்கிலிருந்தும், தெற்கின் நோயாளிக்காக வடக்கிலிருந்தும் நடந்த அந்தப் பயணங்களை யுத்தம் கண்ட ஒரு நாடு மறக்கக் கூடாது.

நம் வீடுகளில் உள்ள மௌனம்

இத்தனையையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் சாச்சி. எங்கள் வீட்டில் பெரியவர்கள் புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள். "அந்த வருத்தம்" என்றுதான் சொல்வார்கள். சாச்சியின் மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி தெரிந்தபோது அவர் ஏழு மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. "நோவு இல்லையே, அதனால் பயமில்லை என்று நினைத்தேன். டொக்டர் ஆம்பிளையாக இருந்தால் என்ன செய்வது என்றும் வெட்கமாக இருந்தது" என்று பின்னர் சொன்னார். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் கூட இருந்தது.

கடைசியில் உம்மாவிடம் சொன்னார். உம்மா மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு போனார். சத்திரசிகிச்சை, அதன்பின் மருந்தேற்றல், தலைமுடி உதிர்ந்த மாதங்கள் எல்லாம் கடந்து, அல்லாஹ்வின் உதவியால் சாச்சி இன்று நலமாக இருக்கிறார். அந்த ஏழு மாதங்கள் மட்டும் வீணாகாமல் இருந்திருந்தால் சிகிச்சை இவ்வளவு நீண்டிருக்காது என்று வைத்தியர் கூறினாராம். இக்கட்டுரையில் அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "பேரைப் போடாதே, ஆனால் எழுது. ஒருத்தியாவது நேரத்தோடு போகட்டும்" என்றார்.

நாம் செய்ய வேண்டியவை

விழிப்புணர்வு என்பது இளஞ்சிவப்பு நாடா குத்திக்கொள்வதோடு முடிந்துவிட்டால் பயனில்லை. அது ஒரு செயலில் போய் முடிய வேண்டும். அவற்றில் சில:

1. இலங்கைப் பெண்களுக்கு அதிகமாக வருவது மார்பகப் புற்றுநோய். 20 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மாதத்தில் ஒரு தடவை, மாதவிடாய் முடிந்த சில நாட்களில், தமது மார்பகங்களைத் தாமே பரிசோதிக்க வேண்டும். கட்டி, தோலில் குழி, முலைக்காம்பு உள்வாங்குதல், குருதிக் கசிவு போன்றவை தெரிந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் வலி இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளமும் அல்ல.

2. 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள தாய்மார் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். அங்கு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை இலவசம். ஆண் வைத்தியரை நினைத்துத் தயங்குபவர்கள், தம் பகுதிக் குடும்பநல மாதுவிடம் முதலில் பேசலாம்.

3. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே போடப்படுகிறது. பெற்றோர் அதற்கு அனுமதி மறுக்கக் கூடாது.

4. ஆண்களுக்கு அதிகமாக வருவது வாய்ப் புற்றுநோய். புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளது. கல்யாண வீட்டு வெற்றிலைத் தட்டைக் கண்டால் இதை நினைக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு இருந்தால் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முடிவாக, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். சைக்கிள் ஓட்டினால் புற்றுநோய் மாறாது. ஆனால் சைக்கிள் ஓடும் வீதியில் நிற்பவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். கேட்டவர்கள் பேசுகிறார்கள். பேசியவர்களில் சிலர் பரிசோதனைக்குப் போகிறார்கள். கொடுத்த பணம் ஒரு மருந்தாகவோ ஒரு கட்டிலாகவோ மாறுகிறது.

எல்லோராலும் 350 கிலோமீற்றர் ஓட முடியாது. ஆனால் இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் ஒவ்வொரு மாணவியாலும் இன்று இரவு உம்மாவிடம், "நீங்கள் கடைசியாக எப்போது கிளினிக்குக்குப் போனீர்கள்?" என்று கேட்க முடியும். தாய்மாரே, உங்கள் மகள் அப்படிக் கேட்டால் அவளை அதட்டாதீர்கள். பதில் சொல்லுங்கள். "இன்னும் போகவில்லை" என்பதுதான் பதிலானால், போகும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.