ஒன்பது வருஷம் கழித்து அவர் சொன்னது

கேள்வி: எனக்கு 33 வயது, ஆம்பூர் பக்கம். கணவர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு பிள்ளைகள். போன மாதம் டிவியில் இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றி ஒரு செய்தி வந்தது. நான் 'கருமம்' என்றேன். அவர் எதுவும் பேசவில்லை. பிள்ளைகள் தூங்கின பிறகு, காலேஜில் கூடப் படித்த ஒரு பையனை மூன்று வருஷம் காதலித்ததாகச் சொன்னார். "உன்ன பிடிச்சுத்தான் கட்டிக்கிட்டேன், இப்பவும் பிடிக்குது. ஆனா ஆம்பளைங்க மேலயும் எனக்கு அப்படித் தோணும். இத உள்ள வெச்சுக்கிட்டே இருக்க முடியல" என்றார். கல்யாணத்துக்கு அப்புறம் யாரோடும் எதுவும் இல்லை என்கிறார். நம்பலாமா? இத்தனை வருஷமும் நடிப்பா? பாகாயம் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால் சரியாகுமா? மாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாய் வரை வந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் இது வருமா?

பதில்: முதலில் மாமியார் விஷயம். சொல்லாதீர்கள் சகோதரி. இன்று அவரிடம் சொன்னால் நாளை நாத்தனார் வீட்டுக்குப் போகும், வாரம் முடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் ஏறி உங்கள் கணவர் வேலை செய்யும் மேசைக்கே வந்து நிற்கும். அப்புறம் யாராலும் அதைத் திரும்பப் பெற முடியாது. இது அவருடைய வாழ்க்கைச் செய்தி. யாரிடம் எப்போது சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்காக நீங்கள் ஒருத்தியாகச் சுமந்துகொண்டு திரிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாய் காக்கக்கூடிய ஒருவரிடம், உறவுக்காரராக இல்லாமல் ஆலோசகராக இருந்தால் நல்லது, கணவருக்கும் தெரிவித்துவிட்டுப் பேசுங்கள்.

நடிப்பா என்று கேட்கிறீர்கள். உங்கள் கணவருக்கு இருப்பது இருபால் ஈர்ப்பு. ஆண், பெண் இருவர் மீதும் காதலும் ஆசையும் தோன்றும் இயல்பு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி 1948இல் வெளியிட்ட நூலில் மனிதர்களின் ஈர்ப்பை 0 முதல் 6 வரை ஓர் அளவுகோலில் வைத்தார். ஒரு முனையில் எதிர்பாலினர் மீது மட்டுமான ஈர்ப்பு, மறு முனையில் தன்பாலினர் மீது மட்டுமான ஈர்ப்பு, இடையில் இரண்டும் வெவ்வேறு அளவில் உள்ளவர்கள். கின்சி ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையில் குறை கண்டவர்கள் உண்டு. நடுவில் ஆட்களே இல்லை என்று நிரூபித்தவர்கள் இல்லை. ஆகவே, அவர் அந்தப் பையனைக் காதலித்தது உண்மை என்பதால் உங்களை விரும்பியது பொய் ஆகிவிடாது. ஒன்பது வருஷத்தை நீங்கள் மறுபடி முதலிலிருந்து புரட்டிப் பார்த்து, எந்தச் சிரிப்பு நிஜம் என்று பிரித்தெடுக்க வேண்டியதில்லை.

நம்பலாமா? எனக்கு அவரைத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் சொல்வேன். இருபால் ஈர்ப்பு உள்ளவர்களுக்கு ஒரே சமயத்தில் இரண்டு துணை வேண்டியிருக்கும் என்பது ஊரில் உலவும் கதை. கட்டிங்கைத் தாண்டினால் ஸ்டிச்சிங் லைன் முழுக்கப் பெண்கள்; இத்தனை காலம் அவர் தினமும் அந்த வழியாகத்தான் போய் வந்திருக்கிறார், அதற்காக நீங்கள் தூக்கம் கெட்டதில்லை. பெண்கள் நடுவே வாக்குக் காத்தவர் ஆண்கள் நடுவே காக்க மாட்டார் என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை. ஈர்ப்பு யார் மீது வரும் என்பதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாரா என்பது அவர் கையில் இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேளுங்கள். ஒரே ராத்திரியில் போலீஸ் விசாரணை மாதிரி வேண்டாம். அவர் போனைக் குடைவதும் வேண்டாம். குடைந்து எதையும் கண்டுபிடிக்காவிட்டாலும் சந்தேகம் தீராது, குடைந்தது தெரிந்தால் அவர் இனி எதையும் சொல்ல மாட்டார். என்றாவது வெளியில் உறவு இருந்ததாக அவர் ஒப்புக்கொண்டால், அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இருவரும் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசு கிடையாது, விவரம் வெளியே போகாது. எந்தக் கணவன் வெளியே போனாலும் எந்த மனைவிக்கும் இதையேதான் சொல்வேன்.

உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்று மனசு கேட்கும். சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் பெரியவர்கள் பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருக்க, ஐந்து நிமிஷம் தனியாகப் பேசக் கிடைத்தாலே பெரிய விஷயம் என்ற ஊரில், அதை எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது? 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவைத் திருத்தி வாசிக்கும் வரை, வயது வந்த ஆண்கள் இருவர் சம்மதத்துடன் நெருங்குவதே குற்றமாக இருந்தது. உங்கள் கல்யாணம் நடந்தபோது அவர் வாயைத் திறந்திருந்தால் தன்னைக் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டதாக ஆகியிருக்குமோ என்னவோ. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இப்போது, யாரும் கண்டுபிடிக்காமல், யாரும் கட்டாயப்படுத்தாமல் அவராகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் மனைவி போனில் எதையோ பார்த்த பிறகுதான் பேச்சே தொடங்கும்.

பாகாயம் போனால் 'சரியாகுமா'? சரியாக வேண்டியது எதுவும் இல்லை. இருபால் ஈர்ப்பு நோய் கிடையாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க நெறிக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை அளிப்பதைத் தொழில் நெறி மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. ஆகவே ஊசி, மாத்திரை, மந்திரித்த கயிறு என்று யார் எதைக் காட்டினாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் நீங்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பார்ப்பது வேறு. முதலில் தனித்தனியாக, பிறகு ஒன்றாக. போனதும் "நீங்கள் இதை மாற்ற முயல்வீர்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் எழுந்து வந்துவிடலாம். உங்களுக்குப் பிரிய வேண்டும் என்று தோன்றினாலும் அதையும் அங்கே பேசலாம். சேர்ந்தே இருந்தாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளுக்கு வருமா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் விஷயமும் இல்லை. அவர்கள் காது கேட்க 'கருமம்' என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேரணாம்பட்டு. வயது 24. ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங்கில் கணக்கு எழுதினேன். கூட வேலை செய்யும் பெண்ணை இரண்டு வருஷமாக விரும்புகிறேன். வீட்டில் தெரிந்து அடித்தார்கள், வேலையை நிறுத்திவிட்டார்கள், போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஒரு இடத்துக்குக் கூட்டிப் போய் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பள்ளியில் ஒரு பையனை எனக்குப் பிடித்திருந்தது. அது அக்காவுக்குத் தெரியும். "உனக்குத்தான் ஆம்பளையும் பிடிக்குமே, அப்புறம் என்ன கேடு, கட்டிக்க" என்கிறாள். நான் விரும்பும் பெண்ணோ, "நாளைக்கு நீ ஒரு ஆம்பளைகூடப் போயிடுவ" என்று அழுகிறாள். இந்தப் பக்கமும் சேர்த்தி இல்லை, அந்தப் பக்கமும் சேர்த்தி இல்லை. கோர்ட்டு, சட்டம் எல்லாம் என்னை மாதிரி ஆளுக்கும் பொருந்துமா? பக்கத்து வீட்டுத் தங்கச்சி மூலமாக இதை அனுப்புகிறேன்.

பதில்: பொருந்தும் அம்மா. நீ யார் யாரை விரும்பக்கூடியவள் என்று சட்டம் அளந்து பார்க்காது. வயது வந்தவள், விருப்பம் இல்லை என்கிறாய், அடைத்து வைத்திருக்கிறார்கள். சட்டத்துக்கு இவ்வளவு போதும். உன் அக்கா சொல்வதில் உள்ள கோணலைப் பார்: ஆண்களையும் பிடிக்கும் என்பதால் எந்த ஆணையும் கட்டிக்கொள்ள வேண்டும் என்றால், அவளுக்கும் ஆண்களைப் பிடிக்கும்தானே, அவள் ஏன் வந்த முதல் வரனுக்கே தலையாட்டவில்லை?

உன் மாவட்டத்து வழக்கையே சொல்கிறேன். வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகச் சேர்த்து ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். தன் தோழியைப் பெற்றோர் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது மனு. மனுவில் தோழி என்றுதான் எழுதியிருந்தார். அதற்கு மேல் எழுதத் தயங்கியதை நீதிபதிகளே புரிந்துகொண்டார்கள். அடைத்து வைக்கப்பட்டிருந்த அந்த 25 வயதுத் தோழியை நேரில் அழைத்து விசாரித்தபோது, தான் அவருடைய இணை என்றும், வீட்டில் அடித்தார்கள், 'சரியாக்க' சடங்குகள் செய்தார்கள் என்றும் அவரே சொன்னார். 2025 மே 22 அன்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அவரைத் தன் விருப்பப்படி போகவிட்டது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்று இல்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. பெண்ணைப் பெற்றோருடன் அனுப்பிவைத்த போலீசாரைக் கண்டித்தது, தேவைப்படும்போது பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது. ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: 2023 அக்டோபர் 17ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்துவிட்டது. நீங்கள் இருவரும் சேர்ந்து வாழலாம், பதிவு செய்ய முடியாது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் லீலா சேத்தை நினைவுகூர்ந்தார்கள். எல்லாத் தாயும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்பது அவர்களுடைய ஆதங்கம். இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி அவர். மகன் எழுத்தாளர் விக்ரம் சேத், உன்னைப் போலவே இருபால் ஈர்ப்பு உள்ளவர். 377ஐ உச்ச நீதிமன்றம் 2013இல் மீண்டும் உயிர்ப்பித்தபோது, என் மகன் இப்போது சட்டப்படி குற்றவாளி என்று வெளிப்படையாக எழுதினார் அந்தத் தாய். உன் அம்மாவிடம் இதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. லீலா சேத்தின் கணவர் பிரேம் சேத் பாட்டா கம்பெனியில் இருந்தவர், ஷூ தொழில்காரர். மகன் எழுதிய 'எ சூட்டபிள் பாய்' நாவலில் வரும் ஹரேஷ் அவரை வைத்து உருவானவன். தோலும் ஷூவும் தெரிந்தவன். 'பணக்கார வீட்டுப் பழக்கம்' என்று அம்மா தள்ளிவிடலாம்தான். ஆனால் நம்மூர்த் தொழில் பார்த்த வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தான் என்றால் ஒரு நிமிஷமாவது காது கொடுப்பார்.

இனி நீ செய்ய வேண்டியது. பிறந்த வீட்டில் அடிப்பதும் அடைத்து வைப்பதும்கூட 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வரும். மருமகள்களுக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். யாருடைய போனிலிருந்தாவது 181க்குப் பேசு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவச வக்கீல் தரும், சட்ட உதவி எண் 15100. ஆதாரும் மதிப்பெண் சான்றிதழும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வை. "என் விருப்பம் இல்லாமல் கல்யாணம் பேசுகிறார்கள், என்னைப் பெற்றோருடன் அனுப்ப வேண்டாம்" என்று உன் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு அந்தத் தங்கச்சியிடமே கொடுத்து வை. ஆட்கொணர்வு மனு போட நேர்ந்தால் அந்தத் தாள் பேசும். போலீஸ் தொல்லை கொடுத்தால், இப்படிப்பட்டவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்திருக்கிறார்கள் என்பதை வக்கீலிடம் நினைவுபடுத்து.

உன் தோழியின் அழுகைக்கு வருகிறேன். அவள் பயம் உன் இயல்பைப் பார்த்து வந்தது மட்டும் இல்லை. கண் முன்னே மாப்பிள்ளை பார்க்கிறார்கள், பயப்படாமல் என்ன செய்வாள்? 'ஆம்பளைகூடப் போக மாட்டேன்' என்று சத்தியம் செய்து உன்னையே பாதியாக மறைத்துக்கொள்ளாதே. 'உன்னை விட்டுப் போக மாட்டேன்' என்று சொல், அதுவும் மனசில் இருந்தால் மட்டும்.

கேள்வி: வாணியம்பாடியில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. பிளஸ் ஒன் மாணவன் ஒருவன், "ரெண்டு பேரையும் பிடிக்குது மிஸ், நான் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரியா?

பதில்: அவனை மறுபடி கூப்பிடுங்கள். பக்கம் எதுவும் எடுக்க வேண்டாம், இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதும் இல்லை, இரண்டும் இருக்கலாம், காலப்போக்கில் ஒன்று தெளிவாகவும் தெரியலாம், எப்படி இருந்தாலும் தவறில்லை என்று சொல்லுங்கள். கூடவே, 18 வயது ஆகும் வரை உடல் நெருக்கம் யாரோடு என்றாலும் போக்சோவில் போய் முடியும் என்பதையும், யாராவது பெரியவர் அவனைத் தொந்தரவு செய்தால் உங்களிடம் வரலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கே இது புதிது என்று கூச்சப்படாதீர்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதில் தெளிவு போதாது என்று வெளிப்படையாகவே சொல்லி, உளவியலாளர் வித்யா தினகரனிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகுதான், அந்த ஆண்டு ஜூன் 7ஆம் தேதி, ஈர்ப்பை மாற்றும் 'சிகிச்சை'களுக்குத் தடை விதித்தார். பள்ளி, கல்லூரிகளுக்கும் வழிகாட்டுதல் தந்தார். மருத்துவப் பாடமே அதன் பிறகும் தடுமாறியது: 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் பெண்-பெண் உறவை இயற்கைக்கு மாறான குற்றங்களின் பட்டியலில் மறுபடி சேர்த்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். டாக்டர்களுக்குப் பாடம் எழுதுகிறவர்கள் நிலைமையே அது.

அவன் கேட்டதை அவன் பெற்றோரிடம் கொண்டு போகாதீர்கள். ஸ்டாஃப் ரூமில் 'ஒரு பையன் கேட்டான்' என்றுகூட ஆரம்பிக்க வேண்டாம், எந்த வகுப்பு என்று இரண்டாவது கேள்வி வரும். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416ஐ வகுப்பறைச் சுவரில் பெரிதாக ஒட்டி வையுங்கள். பரீட்சை பயத்துக்கும் அதே எண்தான், அதனால் அதைக் குறித்துக்கொள்கிறவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.