கைப்பேசிச் செய்தியும் நோய் தீர்ந்தபின் நல்வழக்கமும்



நம்மில் பெரும்பாலோர் கடை வைத்திருப்பவர்கள். காலையில் கடை திறந்ததும் கைப்பேசியைப் பார்க்கிறோம். சரக்கு எப்போது வரும், யார் பணம் அனுப்பினார், யார் தவணை சொல்கிறார் என்பதெல்லாம் அதில் சிறு செய்திகளாக வந்து நிற்கின்றன. இவ்வளவுக்கும் பயன்படும் அக்கருவியை, நோயிலிருந்து எழுந்த நம் வீட்டுப் பெண்மக்களின் உடல்நலத்துக்குப் பயன்படுத்தலாமா, பயன்படுத்துவதாயின் எவ்வாறு என்பதே இம்மாதப் பாடம். நாம் டாக்டர் அல்லர். பட்டு அறிந்ததையும், படித்தும் கேட்டும் அறிந்ததையும் மட்டுமே கூறுகிறோம்.

நோய் இன்னதென்று பெயர் சொல்லியே பேசுவோம். அது மார்பகப் புற்றுநோய். நம் குடும்பங்களில் இதனை “அந்த நோய்” என்று மறைத்துப் பேசும் பழக்கம் உண்டு. மறைப்பதால் நோய் குறைவதில்லை. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2012 முதல் 2016 வரையுள்ள கணக்கின்படி, பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுவே. அவ்வாண்டுகளில் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தனர். 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்டவர்களுள், ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் நூற்றுக்கு 67 என்று அரசாங்க அறிக்கை கூறுகிறது. தொடக்கத்திலேயே வந்தவர்களுக்கு இவ்விகிதம் நூற்றுக்கு 87க்கும் மேல். ஆகவே இந்நோய் வந்தால் வாழ்வு முடிந்தது என்பது தவறு. சிகிச்சை முடிந்து நெடுநாள் வாழும் பெண்கள் நம் ஊரில் பலர். அவர்களுடைய அந்த நெடுநாளைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

அறுவை, மருந்தேற்றல், கதிர்ச்சிகிச்சை ஆகியவை முடிந்ததும் குடும்பத்தார் “எல்லாம் முடிந்தது” என்று மூச்சு விடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு அப்போதுதான் நீண்ட வேலை ஒன்று தொடங்குகிறது. இந்நோய் கண்ட பெண்களில் பெரும்பகுதியினருக்குக் கட்டியானது உடலின் ஹார்மோனை உண்டு வளரும் வகையைச் சேர்ந்தது. அவர்களுக்குத் தமொக்சிஃபென், லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளில் ஒன்றை நாள்தோறும் ஐந்தாண்டு, சிலருக்கு அதற்கு மேலும், டாக்டர் கொடுக்கிறார். தமொக்சிஃபெனை ஐந்தாண்டு ஒழுங்காக உண்டால் இவ்வகை நோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் அம்மாத்திரைகளால் உடம்பு திடீரெனக் கொதிப்பதும், மூட்டு வலிப்பதும், உறக்கம் கெடுவதும் உண்டு. நோய் இல்லை, வலி மட்டும் இருக்கிறது என்ற நிலையில் மாத்திரையை விடத் தோன்றுவது இயல்பே.

நம் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். நம் மூத்த சகோதரி சுங்கை சிப்புட் பக்கம், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் வசிக்கிறார்கள். மச்சான் மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். சிகிச்சை முடிந்த மறுமாதம் முதல் நாம் கைப்பேசியில் தினமும் இருவேளை “மாத்திரை போட்டாச்சா?” என்று எழுதினோம். “ஆம்” என்று பதில் வரும். நமக்கும் திருப்தி. இரண்டாம் ஆண்டில் ஒரு பெருநாளன்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அலமாரியில் மூன்று மாதத்து மாத்திரை பிரிக்கப்படாமல் இருந்ததைக் கண்டோம்.

“ஏன் லாத்தா, ஆம் ஆம் என்று எழுதினீர்களே?” என்றோம்.

“தம்பி, நீ கடன்காரனிடம் கேட்பது போலக் கேட்டாய். கடன்காரன் என்ன சொல்வான்? நாளைக்குத் தருகிறேன் என்பான். நானும் ஆம் என்றேன். கால் மூட்டு வலித்து இரவெல்லாம் நான் எழுந்து உட்கார்ந்திருந்ததை நீ ஒரு நாளாவது கேட்டாயா?” என்றார்கள்.

நமக்குப் பேச நா எழவில்லை. இருபது ஆண்டு கடை நடத்திய நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பாக்கிக்காரருக்கு நாள்தோறும் ஆள் அனுப்பினால் அவர் நம் கடைப்பக்கமே வராமல் வேறு தெருவழியே போவார். அதே தவற்றை உடன்பிறந்தவரிடம் செய்தோம். மறுவாரம் டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். வலியைக் கேட்டறிந்த டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். இன்று ஒழுங்காக உண்டு வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

நமக்கு நேர்ந்தது பெரிய நாடுகளில் ஆராய்ந்தவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் இம்மாத்திரை உண்ணும் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் வாரம் இருமுறை என மூன்றாண்டு கைப்பேசிச் செய்தி அனுப்பினார்கள். 2020ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு என்ன? சிறுநீர்ச் சோதனை வைத்துப் பார்த்ததில், செய்தி பெற்றவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 82 பேரும், பெறாதவருள் 86 பேரும் மூன்றாண்டுக்குள் ஒரு முறையேனும் தவறியவராகக் கணக்கிடப்பட்டனர். பெரிய வேறுபாடு இல்லை. அவர்கள் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டபோதோ தவறியவர் தொகை மிகக் குறைவாகவே தெரிந்தது. “ஆம்” என்ற பதில் நம் சகோதரியிடம் மட்டும் இருந்ததன்று.

அப்படியாயின் செய்தி வீண்தானா? அல்ல. ஆஸ்திரேலியாவில் சிட்னியை அடுத்த வெஸ்ட்மீட்டில் இதய நோயாளிகள் 710 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு வாரம் நான்கு செய்தி வீதம் ஆறு மாதம் அனுப்பினார்கள். உணவு, நடை, புகைப்பழக்கம் ஆகியவை பற்றிய பயனுள்ள யோசனைகள் அவற்றில் இருந்தன. 2015இல் வெளிவந்த முடிவின்படி, செய்தி பெறாதவருள் நூற்றுக்கு 43 பேர் புகைத்துக் கொண்டிருக்க, பெற்றவருள் 26 பேரே புகைத்தனர். இரத்த அழுத்தமும் கொழுப்பும் குறைந்திருந்தன. அதே ஊரில் பின்னர் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 160 பெண்களிடம் இம்முறையைச் சோதித்தனர். செய்திகளை நோய் கண்டு தேறிய பெண்களையும் கலந்தே எழுதினார்கள். 2022இல் வந்த முடிவின்படி, நோயைத் தாமே சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணவில்லை. ஆயினும் மாத்திரை தவறவிட்டதாகச் சொன்னவர்கள் செய்தி பெற்றவருள் குறைவு.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் இது. மறதிக்குச் செய்தி மருந்தாகலாம். வலிக்கும் அச்சத்துக்கும் அது மருந்தாகாது. எதனால் தவறுகிறது என்று முதலில் கேட்டறிய வேண்டும். முன்பு தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு மணி அடிப்பார்கள். மணி ஆளை எழுப்பும். காய்ச்சலில் கிடப்பவரை அது எழுப்பாது. அவருக்கு வேண்டியது மருந்து.

இனி, செய்தி அனுப்ப விரும்பும் சகோதரர்கள் கவனிக்க வேண்டியவை.

முதலாவது, அவருடைய சம்மதம். “வாரத்தில் சில நாள் எழுதலாமா, எந்த நேரம் வசதி?” என்று கேட்டு எழுதுக. பெண்ணுக்குப் பெண் எழுதுவது சாலச் சிறந்தது. மகளோ தங்கையோ எழுதட்டும்.

இரண்டாவது, இரகசியம். குடும்பக் கூட்டுக்குழுவில் இதனை எழுதலாகாது. ஒரே கைப்பேசியை வீட்டார் பலரும் பார்ப்பதுண்டு. நோயின் பெயரும் மருந்தின் பெயரும் இல்லாமலே எழுதலாம்.

மூன்றாவது, அளவு. வாரம் மூன்று நான்கு போதும். சாதாரணக் குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தானால் 160 கொள்ளும். தமிழானால் 70தான், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். ஆகவே சுருங்க எழுதுக. எழுத்து வாசிக்க இயலாத மூத்தோருக்கு வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்புக.

நான்காவது, சொல்லும் விதம். கணக்குக் கேட்காமல் துணை நிற்க வேண்டும். நாம் இப்போது எழுதுவது இவ்வாறு: “மழை விட்டது. கடை வரை நடந்து வாருங்கள், நானும் வருகிறேன்.” “லாத்தா, இரவு உறக்கம் எப்படி?” “மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது? வாங்கி வரவா?” கடைசிச் செய்தியைப் பாருங்கள். தீருமுன் வாங்கி வைப்பது வியாபாரிக்குக் கைவந்த கலை. கடையில் அரிசி தீருமுன் வரவழைக்கும் நாம், வீட்டில் மாத்திரை தீருமுன் வரவழைக்க மாட்டோமா?

ஐந்தாவது, எதை எழுதுவது? மாத்திரையோடு நடையும் உணவும் சேர வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் சற்று வேகமான நடை நல்லது என்பர். அதாவது ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி. முதலில் பத்து நிமிடம் போதும். ஈப்போவில் டி. ஆர். சீனிவாசகம் பூங்காவில் காலையில் நடக்கலாம். தோட்டப்புறத்தில் செம்பனை மரங்களுக்கிடையே உள்ள பாதையே போதும். கைக்கான பயிற்சியை ஆஸ்பத்திரியில் கற்பித்தபடி செய்ய வேண்டும். சிகிச்சைக்குப் பின் உடல் எடை கூடுவது பலருக்கு நேர்கிறது. கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீரைக் குறைத்து, கீரை, பருப்பு, மீன், பழம் ஆகியவற்றைக் கூட்டலாம். இதில் நாம் திருந்த வேண்டியதும் உண்டு. கடை அடைத்துப் பத்தரை மணிக்கு ரொட்டி சானாய் வாங்கிச் சென்று வீட்டாரையும் உடன் உண்ண வைப்பது நாமல்லவா?

ஆறாவது, அனுப்பக் கூடாதவை. “மாத்திரையை விட்டு இந்தக் கஷாயம் குடித்தால் போதும்” என்று யாரோ எழுதியதை ஆராயாமல் பிறருக்குத் தள்ளிவிடுகிறோம். அதனை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்தினால் அதில் நமக்கும் பங்குண்டு.

ஏழாவது, செய்தி போதாத நேரங்கள். கை வீங்கினாலோ, புதிய கட்டி தென்பட்டாலோ, எலும்பு வலி ஓயாமல் நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ, தமொக்சிஃபென் உண்பவருக்கு வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு கண்டாலோ எழுதிக்கொண்டிருக்கலாகாது. உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

நோன்பு மாதத்தைப் பற்றி ஒரு சொல். நாளுக்கு ஒரு முறை உண்ணும் மாத்திரையாயின் சஹரிலோ நோன்பு திறந்த பின்போ உண்ண வழியுண்டு. நோன்பு நோற்க உடம்பு தாங்குமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பதை நாம் அறிவோம். அந்த மாதத்தில் மாத்திரை நேரம் மாறுவதால் மறதி மிகும்; செய்தி மிகவும் பயன்படும் காலம் அதுவே.

துணை தேடுவோர்க்கு, 1966இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கமும், 1986இல் தொடங்கிய மலேசிய மார்பகப் புற்றுநோய் நல்வாழ்வுச் சங்கமும் இயங்குகின்றன. அதே நோயைக் கடந்து வந்த பெண் ஒருவர் பேசும் நான்கு வார்த்தை, நாம் எழுதும் நாற்பது செய்திக்கு மேல்.

சகோதரர்களே, பெருங்காரியத்தை ஒரு நாள் செய்து மறுநாள் விடுவதைவிட, சிறு காரியத்தை விடாமல் செய்வது மேல் என்று மதரஸாவில் நமக்குக் கற்பித்தார்கள். ஐந்தாண்டு மாத்திரை என்பது அத்தகைய சிறு காரியந்தான். ஆயினும் தனியே செய்வோர்க்கு அது மலையாகிறது. இன்று கடை அடைத்துக் கல்லாவை எண்ணி முடித்ததும், உங்கள் குடும்பத்தில் சிகிச்சை முடித்து வீட்டிலிருக்கும் பெண் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். மாத்திரையைப் பற்றி வேண்டாம். முதலில் அவர்கள் உறங்கினார்களா என்று கேளுங்கள். பதிலை முழுதும் படியுங்கள்.